கட்டில் எந்த மாநிலம்?

1

கோடாரி இன்னும் லியாண்டரின் மார்பில்தான் இருந்தது.

ஷெரிஃப் ஆர்லிஸ் கெட்டர்லிங் அதைப் பார்க்கவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது... கட்டிலை!

"மேடம், பொணம் அங்க கிடக்கு. நீங்க கட்டிலப் பாத்துட்டு நிக்கிறீங்களே!" என்றான் பிண வண்டி எமரி. மாடு மாதிரி உடம்பு. வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை.

"பொணம் எனக்குப் புரியுது எமரி. யாரோ கோடாரியால ரெண்டு தடவை போட்டிருக்கான். முதல் வெட்டு தோள்ல. ரெண்டாவது நெஞ்சுல. செத்துட்டான். இந்தக் கட்டில்தான் புரியல!"

லியாண்டர் ஹாய்ப்பலின் வீடு எல்ஸ்பர்க் ஊரின் கடைசி வீடு. ஊர் மட்டுமல்ல, வடக்கு டகோட்டாவே அவன் வீட்டுக்குள்தான் முடிகிறது. படுக்கையறையும் சமையலறையும் வடக்கு டகோட்டா. ஹாலும் வாசலும் தெற்கு டகோட்டா. இரண்டுக்கும் நடுவில், சமையலறை நிலைப்படியில், மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. லியாண்டரே அடித்தது.

'சூப் வடக்க... டிவி தெக்க!' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

இனிமேல் சிரிக்க மாட்டான்.

சமையலறைத் தரையில் மல்லாக்கக் கிடந்தான். சுவரில் ரத்தம். அடுப்பில் ரத்தம். மாவுருண்டை மிதக்கும் நெஃப்லா சூப்பில்கூட ரத்தம்.

அவனைத் தாண்டி... இரும்புக் கட்டில்! படுக்கையறையில் இருக்க வேண்டியது. சமையலறை வழியாகத் தரதரவென்று இழுத்து, மஞ்சள் கோட்டைத் தாண்டி, ஹாலில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். வழியில் கிடந்த பிணத்தின் கையை உதைத்து ஒதுக்கியிருந்தார்கள். மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது.

ஆர்லிஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரு எமரி. கட்டில் கால் ரத்தத்து மேல போயிருக்கு. ரத்தம் ஈரமா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"இழுகியிருக்கும். சேத்துல டிராக்டர் போன மாதிரி."

"இது எப்படி இருக்கு?"

எமரி குனிந்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"செதில் செதிலா உரிஞ்சிருக்கு. காஞ்ச பெயிண்ட சொரண்டுன மாதிரி..."

"அதேதான்! கொலை பண்ணினப்ப கட்டில இழுக்கல. ரத்தம் காஞ்சப்புறம் இழுத்திருக்கான். அதாவது, கொன்னுட்டுப் போயிட்டான்... பல மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்திருக்கான்!"

"எதுக்கு?"

"அதத்தான் கேக்கறேன்! பர்ஸ் பாக்கெட்ல இருக்கு. துப்பாக்கி சுவத்துல தொங்குது. எதையும் எடுக்கல. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சும் ஒருத்தன் கொலை நடந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, பொணத்தத் தாண்டி, ஒரு கட்டில மட்டும் நகத்திட்டுப் போறான்னா..."

எமரி யோசித்தான்.

"அவனுக்குத் தூக்கம் வந்திருக்குமோ?"

"உன் மூளைய வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டியா?"

போட்டோ எடுத்தாயிற்று. ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தான் எமரி. போகவில்லை! வாசல் கதவுக்குக் குறுக்கே கட்டில். ஆள் ஒருக்களித்து நுழையத்தான் இடம். பின்கதவைக் குளிருக்காக லியாண்டர் ஆணியடித்து மூடியிருந்தான்.

"தள்ளு!"

ரத்தத்தை மிதிக்காமல், இரண்டு பேரும் மூச்சு வாங்கக் கட்டிலைத் திரும்பப் படுக்கையறைக்கே தள்ளினார்கள். தரையில் நான்கு பள்ளங்கள். நான்கு கால்களும் அதில் கச்சிதமாய் உட்கார்ந்தன. வருஷக்கணக்காய் அது நின்ற இடம்.

பிணம் வண்டியில் ஏறியபோதுதான் அந்த ஜீப் வந்தது. தெற்கு டகோட்டா போலீஸ்.

இறங்கினவன் டெல்பர்ட் ஓப். முப்பத்தைந்து வயது. பளபள பேட்ஜ்.

"என்ன ஷெரிஃப்பம்மா, எங்க வாசல்ல நின்னுக்கிட்டு எங்களுக்கே சொல்லாம பொணத்தத் தூக்கறீங்க?"

"செத்தது கோட்டுக்கு வடக்க, டெல்பர்ட். என் பொணம்."

"கொஞ்சம் தெக்க விழுந்திருந்தா என் பொணம்! எங்க ஸ்டேட்ல கொலைக்கு விஷ ஊசி. உங்க ஸ்டேட்ல என்ன? ஜெயில்ல வச்சு சூப் ஊத்தி வளப்பீங்க!"

படியில் கால் வைத்தான். ஆர்லிஸ் குறுக்கே கை நீட்டினாள்.

"பூட்ஸப் பாரு. முழங்கால் வரைக்கும் சேறு. உள்ள வராத. சீல் வைக்கப் போறேன்."

"சரி தாயே!" கைகளை உயர்த்திச் சிரித்தான். ஜீப்புக்குத் திரும்பினான். "என் உதவி வேணும்னா அக்கா ஓட்டல்ல இருப்பேன். பெர்னீஸ் இன்னிக்கு ஆப்பிள் கூகன் கேக் சுட்டிருக்கா."

ஜீப் போயிற்று. எமரி பிண வண்டியின் கதவைச் சாத்தினான்.

"மேடம்... நாளைக்கு எலெக்‌ஷன். லியாண்டர் போன வாரமே தபால்ல ஓட்டுப் போட்டுட்டான். ஓட்டல்ல நின்னு ஊருக்கே சொன்னான். இப்ப செத்துட்டான். அந்த ஓட்டு... போச்சா?"

ஆர்லிஸ் வாசலுக்கு சீல் வைத்தாள். காரை நோக்கி ஓடினாள்.

2

எல்ஸ்பர்க்கில் மொத்தம் பதினாறு ஓட்டு.

ஊருக்கு மேட்டில் ரோலண்ட் ஃபைஃபரின் ஜல்லிக் குழி இருக்கிறது. ஜல்லி தீர்ந்துபோயிற்று. எண்ணெய் வயல்களிலிருந்து வரும் கழிவுச் சேற்றை அதில் கொட்டிக்கொள்ள ஒரு கம்பெனிக்கு விடப் பார்க்கிறான் ரோலண்ட். கதிர்வீச்சு உள்ள சேறு. குழிக்கு நேர் கீழே ஊர்க் கிணறு. ஊருக்கே அந்த ஒரு தண்ணீர்தான். ஆர்லிஸ் வீட்டுக் குழாயிலும் அதுதான்.

அனுமதிக்கலாமா, வேண்டாமா? நாளைக்கு ஓட்டெடுப்பு.

பதினாறு பேர் உள்ள ஊரில் யார் எந்தப் பக்கம் என்று நாய்க்குக்கூடத் தெரியும். ரோலண்ட் பக்கம் எட்டு. ஆர்லிஸ் பக்கம் எட்டு. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றுவிடும். கிணறு பிழைக்கும்.

லியாண்டரின் ஓட்டு செல்லாமல் போனால்? எட்டுக்கு ஏழு!

சேறு வந்துவிடும்.

மாவட்டத் தேர்தல் அதிகாரி ஹார்லன் ஷாயரின் அறைக்குள் புயலாய் நுழைந்தாள் ஆர்லிஸ். ஹார்லன் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். மெலிந்த மனிதர். பெரிய காதுகள். தேர்தல் சட்டம் என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"ஹார்லன்! ஓட்டுப் போட்டுட்டு, எலெக்‌ஷனுக்கு முன்னாடியே செத்துட்டா என்ன ஆகும்?"

ஹார்லனின் கண்கள் விளக்குப் போட்ட மாதிரி ஒளிர்ந்தன.

"உட்காரு ஆர்லிஸ்! அருமையான கேள்வி. அது நீ எந்த ஸ்டேட்ல சாகிறேங்கறதப் பொறுத்தது! ஃப்ளோரிடால எண்ணுவாங்க. விஸ்கான்சின்ல தூக்கிப் போடுவாங்க. இந்த நாட்டுல ஒரே எலெக்‌ஷன் கிடையாதும்மா. ஐம்பது ஸ்டேட்டுக்கு ஐம்பது விதமான எலெக்‌ஷன்!"

"நம்ம ஸ்டேட்ல?"

"எண்ணுவோம்! போட்டப்ப உயிரோட இருந்தானா? கையெழுத்து அவனுதா? போதும். அப்புறம் செத்தா அது கடவுள் இஷ்டம். ஓட்டு ஓட்டுதான்."

ஆர்லிஸ் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். மூச்சு வந்தது.

"தெக்க?"

"தெற்கு டகோட்டாவா? அங்க எண்ண மாட்டாங்க. ரெண்டு ஸ்டேட்டும் ஒரே நாள்ல பொறந்த ரெட்டைப் புள்ளைங்க. ஆனா ஒண்ணு கிழக்கன்னா இன்னொண்ணு மேற்கம்பான். அங்க ஓட்டுப் போட முன்கூட்டியே பேர் பதியணும். இங்க பேர் பதியற வழக்கமே கிடையாது. இந்த நாட்டுலயே அது நம்ம ஸ்டேட்ல மட்டும்தான்! நீ இங்க குடியிருக்கியா? அடையாள அட்டை இருக்கா? வா, போடு!" ஹார்லன் பெருமூச்சு விட்டார். "ரொம்ப சந்தோஷமா இருக்கு ஆர்லிஸ். ரெண்டு நாளைக்குள்ள ரெண்டு பேர் இதே கேள்விய..."

நிறுத்தினார்.

ஆர்லிஸ் மெல்ல எழுந்தாள்.

"ரெண்டு பேரா? இன்னொருத்தன் யாரு?"

"நேத்து மதியம் வீட்டுக்கு ஒரு போன். தொண்டை கட்டின குரல். நம்பர் வரல. 'சொந்தக்காரர் ஓட்டுப் போட்டுட்டு செத்துட்டாரு, இறப்புச் சான்றிதழ் கொண்டாந்தா அவர் ஓட்டக் கிழிச்சிருவீங்களா'ன்னு கேட்டான். 'கிழிக்கவே மாட்டோம், இங்க எண்ணுவோம்'னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன்."

"அப்புறம்?"

"'வேற எப்படித்தான் ஒரு ஓட்டு செல்லாம போகும்?'னு கேட்டான். ஆர்வமான ஆளு! நானும் ஒவ்வொண்ணா சொன்னேன். கையெழுத்து ஒத்துப்போகலேன்னா... வயசு பத்தலேன்னா... இந்த ஊர்ல குடியிருக்கலேன்னா..."

"வீடு ரெண்டு ஸ்டேட்ல இருந்தா?"

"அட! அவனும் அதையேதான் கேட்டான்! அழகான சட்டம் அது. வீட்டுக்கு நடுவுல எல்லை போனா, சமையல் எங்க, வாசல் எங்க, வரி எங்க கட்டறான், ஒண்ணும் முக்கியமில்ல. மனுஷன் எங்க தூங்கறானோ அங்கதான் குடியிருக்கான். கட்டில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஓட்..."

ஹார்லனின் வாய் திறந்தபடி நின்றது.

ஆர்லிஸ் மேசையை ஓங்கிக் குத்தினாள். பேனாக்கள் பறந்தன!

"யோவ் ஹார்லன்! நீ கொலைகாரனுக்குப் பாடம் எடுத்திருக்கய்யா!"

"கொ... கொலைகாரனா? யாரு செத்தது?"

சொன்னாள். ஹார்லன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண் கலங்கி முடிக்கும்வரை ஆர்லிஸ் காத்திருந்தாள். பிறகு அறைக்குள் நடந்தபடி பேசினாள்.

"இப்பப் புரியுது. நேத்து காலைல ஊரே சர்ச்சுல இருந்தப்ப லியாண்டரக் கொன்னான். செத்தவன் ஓட்டு செல்லாதுன்னு நெனச்சான். தெக்கத்திச் சட்டத்த வடக்க வந்து நம்பிட்டான்! அப்புறம் உனக்குப் போன் பண்ணினான். கொன்னது வீண்னு தெரிஞ்சுது. திரும்பி ஓடிவந்து கட்டில தெக்க இழுத்துப் போட்டான். லியாண்டர் தூங்கினது தெக்க... அப்ப அவன் வடக்கத்தியானே இல்ல... அப்ப அவன் ஓட்டு செல்லாது!"

"யாரா இருக்கும்? ரோலண்டா?"

"ரோலண்ட் பொறந்து வளந்தது இங்க. ஆனா அவனுக்கு எந்த ஸ்டேட் சட்டம் தெரியும்? அவனுக்காக யாராவது கூலிக்குப் பண்ணியிருக்கலாம்." நின்றாள். "ஹார்லன், ஒண்ணு சொல்லு. கட்டில தள்ளிப் போட்டா மட்டும் ஓட்டு செல்லாம போயிடுமா?"

"எப்படிப் போகும்? நாளைக்கு எண்ணறதுக்கு முன்னாடி எவனாவது எழுந்து ஆட்சேபணை சொல்லணும். 'இவன் கட்டில் தெக்க இருக்கு'ன்னு வாயத் தெறந்து சொல்லணும். சொல்லலேன்னா கட்டில் வெறும் கட்டில்தான்."

ஆர்லிஸ் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"கட்டில நானும் எமரியும் இன்னிக்குக் காலைலயே பழைய இடத்துல போட்டாச்சு. வீட்டுக்கு சீல். அது தெக்க இருந்தது எங்க ரெண்டு பேருக்கும் இப்ப உனக்கும்தான் தெரியும். அப்புறம்... இழுத்தவனுக்குத் தெரியும்!"

"அப்ப நாளைக்கு எவன் வாயத் தெறக்கறானோ..."

"அவன்தான்!"

3

ஆர்லிஸ் ஓட்டலில் நுழைந்ததும் பேச்சு நின்றது.

கல்லாவில் பெர்னீஸ். ரோலண்டின் மனைவி. தெற்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் கண்கள் சிவந்திருந்தன. காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மூலை மேசையில் ரோலண்ட் ஃபைஃபர். பீப்பாய் உடம்பு. பக்கத்தில் மச்சினன் டெல்பர்ட், கூகனை முள்கரண்டியால் குத்திக்கொண்டு.

"வாங்க ஷெரிஃப்! ஒரு ஓட்டு குறைஞ்சிருச்சாமே? வருத்தமாயிருக்கு!" என்றான் ரோலண்ட்.

"குறையல ரோலண்ட். நம்ம ஸ்டேட்ல செத்தவன் ஓட்டும் செல்லும்."

ரோலண்டின் முகம் விழுந்தது. நிஜமாகவே விழுந்தது. டெல்பர்ட் கூகனை மென்றான்.

"என்னடா மாப்ள இது! செத்தவன்லாம் ஓட்டுப் போடறான்!"

"வடக்கத்தியானுங்க மச்சான். உயிரோட இருக்கறப்பவே பொணம் மாதிரிதான் இருப்பானுங்க. வித்தியாசம் தெரியாது!"

ஆர்லிஸ் ரோலண்ட் பக்கம் திரும்பினாள்.

"நேத்து காலைல எங்க இருந்த?" என்றாள் ஆர்லிஸ்.

"சர்ச்சுல! ஊரே பாத்துச்சு. முதல் வரிசைல நின்னு பாடினேன்."

"அது உண்மைதான். காது இன்னும் வலிக்குது" என்றார் பின்மேசையில் யாரோ.

ரோலண்ட் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"நீயும் 'வேண்டாம்' கட்சி. உனக்கு ஒரு ஓட்டு போகுதேன்னு என் மேல பழி போடறியா? லியாண்டர் ஒரு ஒட்டுண்ணி. பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. நல்லாத்தான் போய்ச் சே..."

முடிக்கவில்லை!

ஆர்லிஸின் முட்டி அவன் மூக்கில் இறங்கியது. 'மளுக்!' ரத்தம் மேசை முழுக்கத் தெறித்தது. ரோலண்ட் உறுமியபடி சர்க்கரை ஜாடியை அவள் நெற்றியில் அடித்து உடைத்தான். அவள் தடுமாறினாள். விழவில்லை. அவன் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினாள்... ஒருமுறை... இருமுறை...

டெல்பர்ட்தான் பாய்ந்து விலக்கினான்.

"விடுங்க ஷெரிஃப்பம்மா! வேலை போயிடும் உங்களுக்கு! மச்சான், உட்காரு! சட்டப்படி போவோம். நாளைக்கு ஓட்டு... நாளைக்குப் பாத்துக்கலாம்!"

பெர்னீஸ் ஒரு துணியை எடுத்து வந்தாள். எல்லோரும் கணவனிடம் போவாள் என்று நினைத்தார்கள்.

ஆர்லிஸின் நெற்றியில் அழுத்திப் பிடித்தாள்.

"லியாண்டர்... வலியில்லாம போனாரா?" என்று காதோரம் கேட்டாள்.

ஆர்லிஸ் பொய் சொன்னாள்.

"ஆமா."

4

தேர்தல் நாள். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் கொட்டகையில்தான் ஓட்டுப் பதிவு. சுவரோரம் சூப் பாத்திரங்கள். நடுவில் மேசை. மேசையில் பூட்டிய இரும்புப் பெட்டி.

உயிரோடிருந்த பதினைந்து பேரும் போட்டாயிற்று. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மூக்கில் கட்டுடன் ரோலண்ட். நெற்றியில் கட்டுடன் ஆர்லிஸ். கதவில் சாய்ந்தபடி யூனிஃபார்மில் டெல்பர்ட். 'அக்காவுக்குத் துணைக்கு வந்தேன்' என்றான்.

ஹார்லன் ஒரு கவரை உயர்த்தினார்.

"இது லியாண்டர் ஹாய்ப்பலின் தபால் ஓட்டு. கையெழுத்து சரி. போட்ட அன்னிக்கு உயிரோட இருந்தார். பெட்டிக்குள்ள போடப் போறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"



ஆர்லிஸ் ரோலண்டையே பார்த்தாள். வாயைத் திற... திறடா!

ரோலண்ட் தரையைப் பார்த்தான்.

ஹார்லனின் கை பெட்டியை நெருங்கியது. துளைக்கு மேலே போயிற்று...

"ஒரு நிமிஷம்!"

குரல் வந்தது ரோலண்டிடமிருந்து அல்ல.

கதவிலிருந்து!

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

"எனக்கு இங்க ஓட்டு இல்ல. ஆனா நானும் போலீஸ்காரன். தெரிஞ்சத மறைச்சா தப்பு. லியாண்டர் பாவம், நல்ல மனுஷன்தான்... ஆனா அவரு வடக்கத்தியான் இல்ல. அவர் கட்டில் கிடந்தது தெக்குப் பக்க ஹால்ல. எங்க ஸ்டேட்ல! எங்க ஸ்டேட்ல தூங்கறவன் உங்க ஊர்ல எப்படி ஓட்டுப் போட முடியும்?"

கொட்டகையில் சலசலப்பு. ஆர்லிஸ் ரோலண்டை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். இவனா?

"நீ பாத்தியா டெல்பர்ட்?" மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"எப்ப?"

"நேத்து காலைலதான். நீங்க பொணத்த ஏத்தினப்ப. வாசக்கதவு தெறந்திருந்துச்சே. கதவுக்குக் குறுக்க இரும்புக் கட்டில். பளிச்சுனு தெரிஞ்சுது!"

"கதவுக்குக் குறுக்கவா?"

"ஆமா!"

"அப்ப பொணத்த எப்படி வெளிய கொண்டாந்தோம்? கட்டிலுக்கு மேல பறந்தா?"

டெல்பர்ட் திருதிருவென விழித்தான்.

எமரி பின்வரிசையில் எழுந்தான். "ஸ்ட்ரெச்சர் போகலேன்னு நானும் மேடமும் கட்டில உள்ரூமுக்குத் தள்ளிட்டோம். போட்டோ இருக்கு. அதுக்கப்புறம்தான் உங்க ஜீப் வந்துச்சு. நீங்க வந்தப்ப அந்த ஹால்ல கட்டிலே இல்லீங்க!"

"ஞாயித்துக்கிழமை மதியத்துலேர்ந்து திங்கக்கிழமை காலை வரைக்கும்தான் அந்தக் கட்டில் தெக்க இருந்துச்சு" என்றாள் ஆர்லிஸ். கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போயிற்று. "அத அங்க பாத்தவன் ஒருத்தன்தான் இருக்க முடியும் டெல்பர்ட். இழுத்துப் போட்டவன்!"

"மாப்ள... நீயா?" ரோலண்டின் குரல் கீச்சிட்டது.

"உனக்காகத்தான்யா மச்சான்! குழியில பாதி எனக்குன்னு சொன்னல்ல? இந்த பேட்ஜ கழட்டி எறிஞ்சிட்டு மனுஷனா வாழலாம்னு..."

துப்பாக்கி அவன் கையில் முளைத்தது!

'டுமீல்!'

ஹார்லனின் இடது காது மடல் பறந்தது. அலறியபடி மேசைக்குக் கீழே விழுந்தார். கவரை மட்டும் விடவில்லை.

'டுமீல்!' சூப் பாத்திரம் வெடித்துக் கொதிக்கும் சூப் சிதறியது. ஆர்லிஸின் தொடையில் நெருப்பாய்க் கொட்டியது. அவள் துப்பாக்கி எங்கோ தெறித்தது. கைக்குக் கிடைத்தது இரும்புப் பெட்டி!

தூக்கினாள். சுழற்றினாள்.

முதல் அடியில் அவன் மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவது அடி தாடையில். பற்கள் சிமெண்ட் தரையில் சிதறின. மூன்றாவது அடிக்கு அவசியமில்லை.

அடித்தாள்.

எமரி வந்து டெல்பர்ட்டின் முதுகில் உட்கார்ந்தான். ஆர்லிஸ் விலங்கை மாட்டினாள்.

ஹார்லன் காதில் துணியைப் பொத்திக்கொண்டு எழுந்தார். ரத்தம் காலரில் வடிந்தது.

"ஆட்சேபணை... தள்ளுபடி. கட்டில் இருந்தது வடக்க."

"எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு!"

ரோலண்ட்! எழுந்து நின்றான். உடம்பு நடுங்கியது. ஆனால் கண்ணில் ஆசை நடுங்கவில்லை.

"அவன் கொலைகாரன். ஒத்துக்கறேன். தூக்கிட்டுப் போங்க. ஆனா சட்டம் கட்டிலப் பத்தி இல்லியே ஹார்லன்? தூங்கற இடத்தப் பத்தித்தானே? தனிக்கட்டை அவன். டிவி முன்னாடி சோபாவுலயே குறட்டை விடுவான்னு ஊருக்கே தெரியும். சோபா தெக்க! அவன் கட்டில்ல தூங்கினான்னு யாருக்குத் தெரியும்? சாட்சி உண்டா?"

ஹார்லன் தயங்கினார். "சட்டப்படி... நியாயமான கேள்வி. தூங்கின இடத்துக்கு சாட்சி வேணும்." கவரைக் கீழே இறக்கினார். "யாராவது..?"

ஆர்லிஸ் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் தலை குனிந்தார்கள். தனியாக வாழ்ந்தவன் எங்கே தூங்கினான் என்று யார் சொல்வார்கள்? கிணறு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது...

"கட்டில்லதான் தூங்குவார்."

பெர்னீஸ்!

சூப் கரண்டியைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வடக்கு ரூம்ல. இரும்புக் கட்டில்ல. சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்குவார். சோபால உட்காருவார். தூங்கினதே இல்ல."

"உனக்கு... எப்படித் தெரியும்?" ரோலண்ட் கேட்டான்.

"சுவத்துப் பக்கம் அவர்" என்றாள் பெர்னீஸ். "இந்தப் பக்கம் நான்."



ரோலண்ட் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தானா, விழுந்தானா, தெரியவில்லை.

ஹார்லன் கவரை மறுபடி உயர்த்தினார்.

"சாட்சி... மிக நேரடியான சாட்சி. ஆட்சேபணை தள்ளுபடி."

நசுங்கிய பெட்டியின் துளைக்குள் லியாண்டரின் ஓட்டு விழுந்தது. பெட்டியைக் குலுக்கினார். பூட்டைத் திறந்தார். சீட்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தார்.

எண்ணினார்.

முகம் சுருங்கியது. மறுபடி எண்ணினார்.

"ஆம், ஏழு. வேண்டாம்... ஒன்பது."

"ஏழா?" ரோலண்ட் விரல் விட்டு எண்ணினான். எட்டாவது விரலில் நின்றான். மெல்ல மனைவி பக்கம் திரும்பினான்.

"என்ன பாக்கற?" என்றாள் பெர்னீஸ். "அந்தக் கிணத்துத் தண்ணியிலதானே தினமும் ஊருக்கே காபி போடறேன்."

தரையில் கிடந்த டெல்பர்ட் ரத்தம் கொப்பளிக்கத் தலையைத் தூக்கினான்.

"அப்ப... லியாண்டர் ஓட்டு...?"

ஹார்லனால் விளக்காமல் இருக்க முடியவில்லை. அரைக் காதுடன் அவன் அருகில் குனிந்தார்.

"அத எடுத்துட்டாலும் ஏழுக்கு எட்டு. தீர்மானம் தோல்விதான். அவர் செத்தாலும் தோல்வி, இருந்தாலும் தோல்வி. கட்டில் வடக்க இருந்தாலும் தெக்க இருந்தாலும் தோல்வி. யார் யார் எந்தப் பக்கம்னு நீங்களா ஒரு கணக்குப் போட்டீங்க தம்பி. ஓட்டு ரகசியம். அதுல மட்டும் ஐம்பது ஸ்டேட்டுக்கும் ஒரே சட்டம்!"

"அப்ப... அப்ப நான் எதுக்கு அவனக் கொன்னேன்?"

ஆர்லிஸ் அவன் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். சிமெண்ட் தரையைக் காட்டினாள்.

"ஓட்டத்தான் தப்பா எண்ணிட்ட டெல்பர்ட்... கீழ கிடக்கற உன் பல்லையாவது சரியா எண்ணிப் பொறுக்கிக்கோ!"